மிளகுச் சாக்கு

புயல் நம் பக்கம் வராது, கடலோடு கடலாக வடக்கே போய்விடும் என்று டிவியில் சொன்னார்கள். சொன்னபடியே போய்விட்டது. கடல்தான் வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஜாரில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு நல்ல மழைக்கே அது நிற்கும். எங்கள் கடை கொச்சங்காடியில். பழைய சாக்குக் கடை. பஜாரில் காலியாகிற சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசலைத் தைத்துத் திரும்ப விற்கிறோம், நானும் அண்ணனும். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். இதைவிட எங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் சந்துக்கு ஸ்கூட்டரில் பெட்டி வைத்து மீன் கொண்டுவருகிற ஒருத்தி உண்டு. தெற்கே கடற்கரையில் அவள் வீடு. புயலுக்கு முந்தின மழைக்காலத்தில் முன் அறையும் வராந்தாவும் கடலுக்குள் போயின. மிச்சம் ஓர் அறை, அதை ஒட்டித் தகரம் போட்ட அடுப்படி. அந்த அறை நிற்கிறவரை அவளுக்கு வீடு இருக்கிறது. அது போனால் பள்ளிக்கூடத்து முகாம். அங்கே போனவர்கள் எப்போது திரும்பினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று அவள் வரவில்லை. போன் வந்தது.

“சேச்சி, இன்னு மீனில்லாட்டோ.”

“மீன் கிடக்கட்டும். நீ எங்க இருக்கே?”

“வீட்டில் தன்னெ. சேச்சி, சாக்கு உண்டோ?”

அரிசி கேட்கவில்லை. துணி கேட்கவில்லை. மண் நிரப்பி அறைக்கு முன்னால் அடுக்கச் சாக்கு கேட்டாள். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் கடல் பெரிதாக ஏறும் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னாராம். அவர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அவர் சொன்னால் ஏறும்.

எங்கள் கோடவுனுக்கு அடுத்து சர்ச். நாங்கள் கும்பிடுவது வேறு சாமி, ஆனால் கோடவுன் நனையாத இடம் என்பதால் நிவாரணச் சாமான் வைக்கக் கேட்டார்கள். கொடுத்தோம். அன்று சாயங்காலம் சர்ச் ஹாலில் கூட்டம். நானும் போனேன்.

ஒழுங்கில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சர்ச்சுக்கு உட்பட்ட வீடுகளைத் தெருவாரியாக யூனிட் யூனிட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த யூனிட் அரிசி, அந்த யூனிட் பயறும் எண்ணெயும், இன்னொன்று சோப்பு, பேஸ்ட், நாப்கின், கடைசி யூனிட் துணி. காலேஜ் பிள்ளைகள் கட்டுவார்கள், டெம்போ ஒருத்தர் தருவார், டீசல் இன்னொருத்தர். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கல்யாண வீட்டில்கூட இப்படி நடக்காது. என்ன வேண்டும் என்று கடற்கரையில் இருக்கிற ஒருத்தரிடமாவது யாராவது கேட்டார்களா? அதுதான் இல்லை.

நான் எழுந்து சொன்னேன். “சாக்கு வேணும். மண்வெட்டி வேணும். தூக்க ஆள் வேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்.”

இங்கே பாதிரியார் என்றால் அச்சன்; உதவிப் பாதிரியாரை எல்லாரும் கொச்சச்சன் என்பார்கள். சின்ன வயது, நல்ல மனுஷன். “சேச்சி, அது சர்க்கார் செய்யேண்ட பணியல்லே? நம்மளோடு பறஞ்ஞது கிட்டு” என்றார். அது சர்க்கார் வேலை, நம்மிடம் சொன்னது கிட்டுதான் என்கிறார்; கிட்டு என்றால் ஒரு பையில் போட்ட சாமான்.

பின்னாலிருந்து ஒரு பொம்பளை, “சாக்குக் கடைக்காரிக்கு சாக்கு விக்கணும், அச்சோ!” என்றாள். ஹாலே சிரித்தது.

“விக்க வரலை, சும்மா தரேன். நீ ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வா, உன் இடுப்பு தாங்குதான்னு பாக்கலாம்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கடைசியில் கொச்சச்சன் வழி சொன்னார். டெம்போவில் கிட்டும் போகட்டும், சாக்கும் போகட்டும். முதலில் முகாமில் கிட்டை இறக்கிவிட்டு, அந்தப் பிள்ளைகளே கடற்கரைக்கு வந்து மண் நிரப்புவார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலையில் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து போனேன். முகாமில் டெம்போ நின்றது நின்றதுதான். பேனர் கட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், பெரிய அச்சன் வர வேண்டும். எங்களுக்கு முன்னால் மூன்று கூட்டம் வந்து மூன்று கிட்டு கொடுத்திருந்தது. உப்பு மட்டும் ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். அடுப்பும் சிலிண்டரும் கடலோடு போன ஜனங்களுக்குப் பச்சரிசி. ஒரு கிழவர் தன் கிட்டுப் பையைத் திறந்து பார்க்காமல் அதன்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டார். அவர் ஒருத்தர்தான் அதை உபயோகப்படுத்தியதாக நினைத்துக்கொண்டேன். கொடுத்தது போக மீந்த கிட்டுகளைத் திரும்ப டெம்போவிலேயே போட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பகல் பாதி போய்விட்டது. அவளும் அவள் வீட்டுக்காரரும் கையில் கிடைத்த உரப்பை, சிமென்ட் பை எல்லாவற்றிலும் மண் நிரப்பி ஒரு வரிசை அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் இறங்கிச் சுறுசுறுப்பாகத்தான் வேலை செய்தார்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஒருத்தர் சாக்கு வாயைப் பிடிக்க, ஒருத்தர் வெட்டிப் போட, ஒருத்தர் கட்ட. மண்ணுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தைத்தான் தோண்டினோம். வீட்டைக் காப்பாற்ற அதன் காலடியையே தோண்டினோம். வேறு மண் இல்லை.

முழங்கால் உயரம் வந்தபோது சாக்கு தீர்ந்தது. இடுப்பு உயரம் வேண்டும் என்றார் அவள் வீட்டுக்காரர்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கடையில் குருமுளகு, அதாவது கறுப்பு மிளகு, வந்த இரட்டைச் சாக்கு கொஞ்சம் இருந்தது. கனமான சணல், நல்ல விலைக்குப் போகும். “குருமுளகுச் சாக்கை எல்லாம் எடுத்து வை. டெம்போ வருது” என்றேன். சரி என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு பையன்கள் டெம்போவோடு போனார்கள்.

டெம்போ திரும்பி வந்தபோது அலை முதல் வரிசைச் சாக்கை நக்க ஆரம்பித்திருந்தது. கட்டை இறக்கினார்கள். அவிழ்க்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சாக்கு வாசனையில் வளர்ந்தவள் நான். அது மிளகு இல்லை. மிளகாய். மிளகாய் வந்த சாக்கில் வேறெதையும் போட முடியாது. அதைத் திரும்ப மிளகாய்க்காரர்களுக்குத்தான் விற்போம்.

போனில் கத்தினேன். “என்னத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கே?”

“நீ சொன்னதைத்தான். மிளகுச் சாக்கு அந்தக் கோடியில இருக்கு, எடுத்துக்கோங்கன்னேன். நான் பில் போட்டுட்டிருந்தேன்.”

“அவங்களுக்கு முளகுன்னா மிளகாய், அண்ணா!”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா குருமுளகுன்னு சொல்றதுக்கு என்ன? நாக்கு சுளுக்கிக்குமா?”

“மறுபடி அனுப்பு, மாத்திக் கொடுக்கறேன்” என்றான்.

தமிழில் மிளகு கறுப்பு. மலையாளத்தில் முளகு சிவப்பு. கறுப்பு வேண்டுமென்றால் குருமுளகு என்று சொல்ல வேண்டும். கொச்சியில் பிறந்து கொச்சியில் தலை நரைத்த மனுஷனுக்கு, அவசரத்தில் வாயில் வந்தது தமிழ். அந்தப் பையன்கள் அவன் சொன்னதைச் சரியாகத்தான் எடுத்துவந்தார்கள். யாரைத் திட்டுவது?

அவள் ஒரு சாக்கை எடுத்து மோந்தாள். “இது முளகு சாக்கல்லே சேச்சி?”

“ஆமா. மாத்தி எடுத்துட்டு வரச் சொல்றேன். இப்பவே டெம்போ போகும்.”

அவள் கடலைப் பார்த்தாள். “கடலு காத்திரிக்குமோ?”

அவளே முதல் சாக்கை விரித்துப் பிடித்தாள். அவள் வீட்டுக்காரர் மண்ணை வெட்டிப் போட்டார்.

காய்ந்த மிளகாய்ச் சாக்கு தும்மல் தரும். நனைந்தால் எரியும். ஈர மண்ணும் உப்புத் தண்ணீரும் பட்டதும் பிள்ளைகள் ஒவ்வொருத்தராகக் கையை உதற ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டாள். “அம்மே, கண்ணு நீறுந்நே!” என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். கண்ணெல்லாம் சிவந்த ஒரு பையன் கடல் தண்ணீரில் கழுவப் போய் எரிச்சலை இரண்டு மடங்காக்கிக்கொண்டான். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில் எல்லாம் கண்ணுக்கே போயிற்று.

கைக்கு எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் அடங்கும். டெம்போவில் மீந்த கிட்டு இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காயெண்ணெய் பாக்கெட். நான் போய் ஒரு பையைப் பிரித்தேன். பிள்ளைகளுக்குத் தலைவனாக வந்தவன் மூக்கு ஒழுக ஒழுக ஓடிவந்தான்.

“சேச்சி, கிட்டு பொட்டிக்கருது! அச்சனோடு சோதிக்கணும்!”

“கேளு. உன் கையைக் காட்டி அச்சனைக் கேளு” என்று சொல்லிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். முதலில் கையை நீட்டியவன் அவன்தான். நாங்கள் கொண்டுபோன அத்தனை கிட்டில் ஒழுங்காகப் பிரயோஜனப்பட்டது அந்த எண்ணெய் ஒன்று.

பாவம், தாங்குகிறவரை தாங்கினார்கள். பிறகு டெம்போ அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. அவளும் நானும் அவள் வீட்டுக்காரரும் மிஞ்சினோம். என் கை இந்தச் சாக்குக்குப் பழகின கை. ஆனாலும் எரிந்தது. அவள் கண்ணில் நீர் வழிய வழிய அடுக்கிக்கொண்டே இருந்தாள். அது மிளகாயாலா வேறெதனாலா என்று நான் பார்க்கவில்லை.

கடல் டிவியில் காட்டுகிற மாதிரி எழும்பி அடிக்கவில்லை. தட்டையாக வந்தது. சாக்குக்குச் சாக்கு இருந்த இடைவெளியில் புகுந்து, சல்லடையில் ஊற்றின மாதிரி அந்தப் பக்கம் போயிற்று. சாக்குச் சுவர் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடியில் மண் கரைந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. தண்ணீர் அறைக்குள் போனது. மேலே சிவப்பாக நுரை. கட்டில், பாய், அரிசி டப்பா எல்லாவற்றிலும் அந்த நுரை. வாசலில் நின்றாலே இருமல் வந்தது, உள்ளே கால் வைக்க முடியவில்லை.

பொழுது சாய்ந்தபோது தண்ணீர் இறங்கியது. அறை நின்றது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வீடு நின்னு. நம்மளு புறத்து” என்றாள். வீடு நிற்கிறது, நாம்தான் வெளியே.

அன்று முகாமுக்குப் போனார்கள். அடுத்த கடலேற்றத்தில் அடிமண் போய் அறை கடல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. போனில் சொன்னாள். மிளகுச் சாக்காக இருந்திருந்தால் நின்றிருக்குமா என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பான். அவள் வீட்டுக்காரரிடமும் போய்க் கேட்டானாம். எந்தச் சாக்கானாலும் நின்றிருக்காது என்று அவர் சொன்னாராம். அதை அண்ணன் நம்பவில்லை. எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் நன்றி சொன்னார்கள். யூனிட்டுகளுக்கு, டெம்போக்காரருக்கு, சாக்குக் கடைக் குடும்பத்துக்கு. கோடவுனில் உட்கார்ந்து யாரும் கொண்டுபோகாத துணி மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டே கேட்டேன். ஒரு மூட்டையில் கோட்டும் டையும் இருந்தது. கடற்கரையில் யார் கட்டிக்கொள்ள?

இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே கொச்சச்சன் கடைக்கு வந்தார். இந்தத் தடவை முதலில் சாக்கு, அப்புறம்தான் கிட்டு என்று கூட்டத்தில் முடிவாம். “குருமுளகு தன்னெ வேணம், கேட்டோ” என்று அண்ணனிடம் அழுத்திச் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல சாக்காகப் பொறுக்கி, உதறி, கோடவுனில் அடுக்கிவைத்தோம்.

அவள் இப்போது கடலை விட்டுத் தள்ளி, பள்ளுருத்தியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மீன் கொண்டுவருகிறாள். அன்று கோடவுன் திறந்திருக்கவே எட்டிப் பார்த்தாள்.

“இது ஏதா சேச்சி?”

“குருமுளகு.”

ஒன்றை இழுத்து மூக்கில் வைத்தாள். “நல்ல சாக்கா. ஒரெண்ணம் எடுத்தோட்டே?”

“எடு” என்றேன்.

நாலாக மடித்து, மீன் பெட்டியில் ஐஸ் உருகாமல் இருக்க மேலே போட்டாள். “மத்தி உண்டு, வேணோ?” என்றாள். வாங்கிக்கொண்டேன்.