மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு மேடு

எண்ணெய்க் கம்பெனியில் மேட்டுக்காரர் என்றால்தான் அந்த நிலவியலாளரைத் தெரியும். இத்தனைக்கும் அந்த மேட்டை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. மேலே சப்பையான பொட்டல். மூன்று கிலோமீட்டர் கீழே, விரிப்புக்கு அடியில் தலையணை வைத்த மாதிரி பாறை அடுக்குகள் புடைத்து நிற்கின்றன என்பது அவர் கட்சி. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மேலே ஏறும், ஏறி அந்தப் புடைப்பில் மாட்டிக்கொள்ளும். களிமண் பாறை மூடி போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

துளைபோட அனுமதி வேண்டும். மாறி மாறி வந்த இயக்குநர்கள் அவருடைய வண்ணப் படங்களைப் பார்த்து "பிரமாதம்" என்றார்கள். கம்பெனி பாஷையில் அதற்கு 'ஆளை விடு' என்று பொருள். மனைவியோ, "நம்ம குளியலறைச் சுவர் புடைச்சிருக்கு, அது மட்டும் உங்க கண்ணுல படாது" என்பாள். மனிதர் எதற்கும் அசரவில்லை.

ஓய்வு பெறும் வருஷத்தில் புது இயக்குநர் வந்தார். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம்.

"ஒரே ஒரு கிணறு. எண்ணெய் வரலைன்னா அந்தப் பக்கம் இனி யாரும் தலைவெச்சுப் படுக்கக் கூடாது" என்றார். மேட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மேட்டை நெருங்கும்போது பார்த்துக் குழாய் சிக்கிக்கொண்டது. துளைபோடும் மேஸ்திரி, "போதும் சார், மூடிடலாம்" என்றார். மூடுவதாவது!

"டீசலை ஊத்துங்கய்யா! வழுக்கிட்டு வந்துடும்!" என்று மேட்டுக்காரர் குதித்தார். ஊற்றினார்கள். குழாய் வழுக்கி வந்தது. துளை தொடர்ந்தது.

சேற்றோடு மேலே வரும் பாறைத் துகளைக் கழுவி, கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் இருந்தால் ஒளிரும். மேட்டின் மணற்பாறை வந்தது. அம்மாடியோ, எப்படி ஒளிர்ந்தது! வெளிர் நீலம். உயர்ரக எண்ணெய்க்கே உரிய நீலம்!

மனைவிக்குப் போன் போட்டார். இயக்குநருக்குப் போட்டார்; அவர் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டார்.

அடுத்து வந்தது களிமண் பாறை. அதுவும் ஒளிர்ந்தது. களிமண்ணில் ஏதய்யா எண்ணெய்? சும்மா கழுவின கிண்ணத்தை வைத்தார். ஒளிர்ந்தது. தன் விரலை நீட்டினார். விரலும் வெளிர் நீலத்தில் ஜொலித்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதற்குள் இயக்குநர் கேமராக்காரர்களோடு வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கிவிட்டார். மேட்டுக்காரர் அவரை ஓரமாக இழுத்துப்போய், "சார், அது நாம ஊத்துன டீசல்" என்றார்.

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "டீசலும் எண்ணெய்தானே?"

"நாமதான் காசு கொடுத்து வாங்கி ஊத்தினோம் சார்."

"அதை யாரு கேக்கப்போறா? நீங்க வாயைத் திறக்காதீங்க. பணிநீட்டிப்பு தர்றேன். உங்க மேட்டுல இன்னும் பத்துக் கிணறு போடலாம்."

பத்துக் கிணறு! சபலம் யாரை விட்டது? மனிதர் அப்படியே ஆடிப்போனார். அதே நேரம் ஒரு பெண் நிருபர் மைக்கை நீட்டி, "எண்ணெய் இருக்கா சார்?" என்று கேட்டார். மேட்டுக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா. துகள்ல ஒளிர்ந்தது நாங்க ஊத்துன டீசல். சோதிச்சா உப்புத் தண்ணிதான் வரும். மேடு எழும்புறதுக்கு முன்னாடியே எண்ணெய் வேற வழியாப் போயிருக்கணும்."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. சோதித்தார்கள், உப்புத் தண்ணீரேதான். சாயங்காலமே கிணற்றுக்குள் சிமெண்ட் இறங்கியது. மேட்டுக்காரர் குழாய் அடுக்கின் மேல் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"டிவியில பார்த்தேன்" என்றாள்.

"எல்லாம் போச்சு. மூடுறாங்க."

அவள், "மேடு இருந்துதா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அந்த மேட்டைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"இருந்துது. நான் சொன்ன ஆழத்துலயே இருந்துது" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.