தீப்பெட்டி என் மடியில் இருந்தது

பூமி ஆடியபோது நான் ஓடிவிட்டேன். என் புருஷன் கிணற்றின் அடியில் இருந்தார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

என் பெயர் லூர்துமேரி. நான்கைந்து வருடம் முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடந்தது இது. மாரண்டஹள்ளிப் பக்கம் மாதப்பன் என்பவருடைய காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். நானும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும், அவருடைய கூட்டாளி முனியப்பனும், அவன் பெண்சாதி சின்னத்தாயியும். ஆண்கள் கீழே பாறையில் குழி போட்டு வெடிமருந்து திணிப்பார்கள். நாங்கள் மேலே நின்று கிரேனைக் கையால் சுற்றி, கூடையில் கல்லும் மண்ணும் ஏற்றுவோம். ஆள் ஏறி இறங்குவதும் அதே கூடையில்தான்.

எங்களுக்குள் ஒரு கண்டிப்பு உண்டு. தீப்பெட்டி கீழே போகாது. திரி வைத்து முடித்து ஒருவர் மேலே வந்த பிறகுதான் அதை இறக்குவோம். அதுவரை என் மடியில் முடிந்திருப்பேன். ஊருக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. வேட்டு வெடித்தால் விலகி நின்று எண்ண வேண்டும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

அன்று ஐந்து குழி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மருந்து திணித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அடியிலிருந்து ஓர் உறுமல். தரை காலை உதறியது. விளிம்பில் குவித்திருந்த கல்மேடு சடசடவென்று கிணற்றுக்குள் சரிந்தது. ஒரே புழுதி. "வேட்டு! வேட்டு! ஓடுங்க!" என்று பக்கத்துக் காட்டில் தக்காளி பறித்தவர்கள் கத்தினார்கள். நாள் தவறாமல் வேட்டுச் சத்தம் கேட்கிற ஜனங்கள் நாங்கள். நிலம் அதிர்ந்தால் வேறென்ன தோன்றும்? நானும் சின்னத்தாயியும் மரத்தடிக்கு ஓடினோம்.

அங்கே நின்றுகொண்டு நான் எண்ணினேன். ஒன்று. இன்னும் நான்கு வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைக்கப் போனேன். மடியில் தீப்பெட்டி தட்டுப்பட்டது. இது இங்கே இருக்கிறதே, அப்படியானால் யார் பற்றவைத்தது? யாருமே பற்றவைக்கவில்லை.

"ஐயோ, அது வேட்டு இல்லீங்க! தீப்பெட்டி எங்கிட்ட இருக்குதுங்க!"

"ஒன்னுதான் வெடிச்சிருக்குது, கிட்டப் போவாதம்மா!" என்று தக்காளி பறித்தவர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவசரப்பட்டு எட்டிப் பார்த்துக் கண் போனவரை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

உதறிக்கொண்டு ஓடினேன். விளிம்பில் விழுந்து மண்டியிட்டேன். உள்ளே புழுதிதான் தெரிந்தது. ஒரு முனகல் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. "மாதாவே, என் புருஷன மட்டும் குடுத்துடு! வேற ஒன்னும் கேக்க மாட்டேன்!" என்று அலறினேன். ஒரு கை தூரத்தில் சின்னத்தாயி நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் மாதப்பன் ஓடி வந்தார். "வூட்டு ஓடு பூரா சரிஞ்சிபோச்சு! இது வேட்டு இல்ல, பூமியே ஆடுது!" என்றார். தீப்பெட்டியை நீட்டினேன். பார்த்தார். கூடையில் ஏறினார். "சுத்துங்கம்மா, நான் எறங்குறேன்."

கீழே மருந்து திணித்த குழிகள். பாதியில் தரை மறுபடி நடுங்கியது. கற்கள் அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தன. மேலே தூக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். வானத்திலிருந்து சம்மனசு ஒன்றும் இறங்கி வரவில்லை. தொட்டதற்கெல்லாம் எங்களோடு சண்டை போடுகிற மாதப்பன் வந்தார்.

முதல் கூடையில் என் வீட்டுக்காரர் வந்தார். பாறை பிதுங்கிய இடத்தில் ஒண்டியிருந்ததால் உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. கிரேனின் ஒரு கைப்பிடியை நான் சுற்றினேன். மறு கைப்பிடியைச் சுற்றியவள் சின்னத்தாயி. இரண்டாவது கூடையில் முனியப்பன் வந்தான். உயிர் இல்லை.

"கொஞ்ச நேரம் பேசிக்கிட்டுதான் இருந்தான் மேரி" என்று ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் சொன்னார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம்தான் நான் மரத்தடியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேட்டு வைத்து வைத்துப் பூமாதேவிக்கு ஆகாமல் போய்விட்டது என்று ஊரில் எங்களைத்தான் பேசினார்கள். பிறகு மண்ணும் பாறையும் படித்த ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். "உங்க வேட்டுக்கெல்லாம் பூமி ஆடாதும்மா. நம்ம நாடே ஒரு பெரிய பாறைப் பலகை மேல இருக்கு. அது வருஷத்துக்கு ரெண்டு விரல் அகலம் வடக்கே நகருது. அங்க இன்னொரு பலகையில போய் முட்டுது. அப்படி முட்டித்தான் இமயமலையே எழும்புச்சு. அந்த அழுத்தம் இங்க வரைக்கும் வரும். பழைய விரிசல் இருக்கிற இடத்துல பாறை சட்டுனு நழுவிடும்" என்றார்.

"யாரு தப்புங்க சார் அது?" என்று கேட்டேன்.

"யார் தப்பும் இல்லம்மா."

அதைக் கேட்டு ஊர் வாயை மூடியது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஏனென்றால் முனியப்பனின் காரியம் முடிந்த அன்று சின்னத்தாயி என்னிடம் கேட்டாள். "அக்கா, நீ அன்னிக்கு அப்படிக் கதறிக் கும்பிட்டயே, எங்கூட்டுக்காரரு பேரையும் சொன்னியா?"

"சொன்னேன்டி" என்றேன்.

பொய். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் பிழைத்ததற்கு நன்றி சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு கூசியது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கொட்டிவிட்டேன். "நீ பேர் சொல்லலன்னு ஆண்டவர் யாரையும் கைவிட மாட்டார்மா. ஆனா பொய் பொய்தான். போய் அவகிட்டயே சொல்லு" என்றார் அவர்.

சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. சின்னத்தாயி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முழுக் கொத்தையும் உருவி முடித்த பிறகுதான் பேசினாள்.

"நானும் எங்க சாமிகிட்ட அவரு ஒருத்தரத்தாங்க்கா கேட்டேன். உங்கூட்டுக்காரரு நெனப்பே வரல."

இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கேட்டோம். எனக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்ததாகச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் நன்றி சொல்வதை என்னால் நிறுத்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலோடு காய்கறி மண்டியில் தராசு பிடிக்கிறார். சின்னத்தாயியின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் விட்டால் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள். சொந்தப் பிள்ளைகளைப் போலவே அவர்களையும் திட்டுகிறேன், சோறு போடுகிறேன்.

உங்களுக்கும் ஒரு நாள் காலடி ஆடும். அப்போது வெட்கப்படாமல் மண்டியிடுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிறவர் இருக்கிறார், நான் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கும் முன்னால், பக்கத்தில் விழுந்து கிடப்பவள் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.