எட்டு இழைக்கு எட்டுப் பேர்

நீளமான மழுங்கல் ஊசி ஒரு சாம்பல் நிற இழைக்கு அடியில் நுழைந்து, இரண்டைத் தாண்டி மேலே வந்தது. இடது பெருவிரல் கம்பளிக் கோட்டுத் துணியை விறைப்பாகப் பிடித்திருந்தது. ஊசியில் கோத்திருந்த நூல் அதே கோட்டின் உள்மடிப்பிலிருந்து உருவியது. வேறு நூலைப் போட்டால் வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும். கோட்டின் தோளில், சிகரெட் நெருப்புப் பட்டு, விரல்நகம் அளவுக்கு ஓட்டை. நெடுக்கே ஓடும் பாவு நூல்களை இழுத்து முடித்தாயிற்று, இனி குறுக்கே ஊடு. கட்டம் போட்ட துணி: எட்டு வரிசை சாம்பல், பிறகு எட்டு வரிசை கறுப்பு. ஓட்டையின் விளிம்பு கருகியிருந்ததால் எங்கே சாம்பல் முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணுவதுதான் அவளுக்குச் சிக்கல். அவள் மூன்று என்றால், தலைக்குள் ஓர் ஆண் குரல் ஐந்து என்னும். அவள் ஐந்து என்றால் அது ஏழு என்னும், அதுவும் சலிப்போடு, பல வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் மாதிரி. அதற்குக் கணக்கர் என்று பேர் வைத்தது அவள்தான். இருபத்து நான்கு வயதில் தையல் ஆலையில் வேலை பார்த்தபோது வந்தவர். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. மாத்திரையால் அவருடைய தொண்டை கொஞ்சம் அடைத்ததே தவிர, ஆள் போகவில்லை.

கணக்கரோடு எல்லாமும் சேர்ந்து வரும். குழாய்ச் சொட்டு, மாடியில் நாற்காலி இழுபடுவது, தெருவில் யாரோ தும்முவது எல்லாம் ஒரே சத்தத்தில், ஒரே அவசரத்தில். மருத்துவமனையில் ஒருமுறை கணினி முன்னால் உட்கார வைத்து, எழுத்துகளாகக் காட்டினார்கள். முன்னால் 'அ' வந்திருந்தால் மட்டும், அடுத்து வரும் 'க'வுக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் கண்ட 'க'வுக்கெல்லாம் அழுத்தினாள்.

"முன்னாடி வந்தத மனசுல பிடிச்சு வச்சுக்கிறதுதாம்மா உங்களுக்குக் கஷ்டம்," என்றார் டாக்டர். "அதனால கண்ணு முன்னாடி வர்றது இழுத்துட்டுப் போயிடுது."

"அதுவும் பாவம் வந்து நிக்குது டாக்டர். அழுத்தாம எப்படி விடுறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தாள். பிடித்து வைக்க முடியாததை எதில் கட்டிப் போடுவது? எண்களை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தாள். சின்ன வயதில் சாப்பிட உட்காரும் வரிசை: பெரியப்பா, அப்பா, சித்தப்பா, பெரியம்மா, அம்மா, அண்ணன், நான், தங்கை. எட்டு இழைக்கு எட்டுப் பேர். யாருக்கு அடுத்து யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கணக்கருக்கு எண்கள்தான் தெரியும், உறவுமுறை தெரியாது.

எட்டில் ஐந்து பேர் இப்போது இல்லை. அண்ணன் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. தங்கை வாரம் ஒருமுறை போன் செய்வாள். கதவைத் தட்டுகிற ஒரே ஆள் சலவைக் கடைக்காரர், செவ்வாயும் வெள்ளியும் ஓட்டை விழுந்த துணிகளோடு வருவார். மற்ற நாட்களில் அந்தக் கதவுக்கு வேலையே கிடையாது. போன மாதம் ஒரு கோட்டில் ஏழோடு நிறுத்தி நூலை மாற்றிவிட்டாள், கட்டம் கோணிக்கொண்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்கு வேற வழியில்லம்மா," என்றிருந்தார் அவர். அவர் நின்றுவிட்டால் தட்டுவதும் நின்றுவிடும்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றரைக்குப் போன் அடித்தது. எடுக்காவிட்டால் தங்கை பதறிவிடுவாள். மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். ஊசியை நிறுத்தவில்லை, தப்பு அங்கேதான்.

"அக்கா, சாப்டியா?"

"ஆச்சு... சித்தப்பா."

"சித்தப்பாவா? யார்கிட்டக்கா பேசுற?"

"யார்கிட்டயும் இல்லடி. வேலை எண்ணிக்கை."

"சித்தப்பா போய் ஒன்பது வருஷமாச்சு."

"தெரியும். கூட இருந்தவ நான்தானே, நீ எங்க வந்த?"

"அத விடு. மாத்திரை போட்டியா, இல்லியா?"

"போட்டேன். நீ உன் பிரஷர் மாத்திரையப் போட்டியா?"

தங்கை சிரிக்கவில்லை. "நான் டாக்டர்கிட்ட பேசிக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவள் துணியைப் பார்த்தாள். கடைசியாகப் போட்டது சித்தப்பாவா, பெரியம்மாவா, அம்மாவா? கணக்கர் காத்திருந்தவர் போல, "ஏழு, ஏழு" என்றார். பக்கத்தில் கறுப்பு நூல் கோத்த ஊசி தயாராக இருந்தது. எடுக்கச் சொல்லிக் கை அரித்தது. எடுக்கவில்லை. போட்ட வரிசைகளை ஒவ்வொன்றாக உருவினாள். நூல் ஏற்கெனவே பஞ்சடித்திருந்தது; இன்னொரு முறை தாங்காது. மறுபடி பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்தாள்.

கதவு தட்டப்பட்டபோது கறுப்பில் பாதிதான் ஆகியிருந்தது.

"உக்காருங்கண்ணே. பேசாதீங்க."

கடைக்காரர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்றோ. அவர் செருமினார், சாவிக்கொத்தைக் குலுக்கினார், தானாகவே நிறுத்திக்கொண்டார். அவள் நிமிரவில்லை. கடைசி நூலை உள்பக்கம் இழுத்து நறுக்கி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றி எடுத்தாள்.

கடைக்காரர் கோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "அட, போச்சு. ஒண்ணு, ரெண்டு... ஏம்மா, நாலா அஞ்சா? எனக்கு இது சரிப்படாது. நீயே எண்ணிச் சொல்லு."

எண்ணைச் சொன்னால் கணக்கர் குறுக்கே விழுவார். பேரைச் சொன்னால் இவரும் தங்கை மாதிரியே பார்ப்பார். அவள் ஊசிமுனையைச் சாம்பலின் முதல் வரிசையில் வைத்தாள்.

"பெரியப்பா," என்றாள் சத்தமாகவே. "அப்பா. சித்தப்பா. பெரியம்மா."

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊசிமுனையைப் பார்த்தார்.

"அம்மா. அண்ணன். நான். தங்கை."

ஊசி கறுப்பின் ஓரத்தில் நின்றது.

"எத்தன பேரு?"

"எட்டுப் பேருண்ணே."

அவர் துணியை நகத்தால் ஒருமுறை தடவினார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "சரி, குடு."

அவள் தோளோடு தோள் சேர்த்துக் கோட்டை மடித்தாள். ஒட்டியிருந்த ஒரு சாம்பல் நூல் துணுக்கை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி அவர் கையில் வைத்தாள்.