அப்பாவின் நகத்தில் இருந்தது சாயம் இல்லை

என் அப்பா மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, தாழ்மையைப் பற்றிப் பேசுவதற்காக நான் சபைக்குப் போனேன். அன்பான விசுவாசிகளே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் என் வெட்கத்துக்காக ஆண்டவர் செய்ததை மறைக்க முடியாது.

எங்கள் வீடு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு சாயப் பட்டறையில் இருக்கிறார். கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கி எடுக்கிற வேலை. இருபது வருஷமாக அவர் விரல்களில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். திருவிருந்துக்கு அவர் கை நீட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றிலும் பார்ப்பேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சபையில் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தால், "மெதுவாம்மா" என்று முழங்கையால் இடிப்பேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். சபையில் வேதம் வாசிப்பதும் நீண்ட ஜெபம் செய்வதும் நான்தான். எல்லாம் தேவனுக்காகச் செய்வதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் விடாத மழை. அப்பாவுக்கு நாலு நாளாக இருமல். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாலிபர் கூட்டத்தில் பேச வேண்டிய செய்தியைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்தார்.

"டேய் தம்பி, அப்பா நகத்தப் பாருடா. நீலமா இருக்குது. மூச்சு வேற வாங்கிக்கினு இருக்காரு."

போய்ப் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. ஆக்சிஜன் பார்க்கிற சின்னக் கருவியை விரலில் மாட்டினேன். எண்பத்திரண்டு. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. ஆனாலும் எனக்குக் கொஞ்சமும் பதற்றம் வரவில்லை. நகத்தில் நிறம் இருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும் என்று நான் படித்திருந்தேன்.

"சாயம்மா அது. சாயம் இருந்தா மெஷின் தப்பாதான் காட்டும்."

"எந்தச் சாயம்டா? மழையில நூலு காயாதுன்னு பட்டறைய மூடி பத்து நாளு ஆவுது. எலுமிச்சம்பழம் போட்டு நான்தானே கையத் தேச்சு வுட்டேன். ஒதடு கூட நீலமா இருக்குதுபா."

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

அப்பா படுத்தபடியே கையை ஆட்டி, "போய்ட்டு வா நைனா. கூட்டத்துக்கு டைம் ஆவுது" என்றார்.

போனேன். அரை மணி நேரம் பேசினேன். தாழ்மை என்றால் பிறர் சொல்லுக்குச் செவி கொடுப்பது என்று கூடச் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிந்து, சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த போனை எடுத்தேன். அம்மா பதினொரு தடவை கூப்பிட்டிருந்தார்.

அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. தெருமுனையில் நின்ற ஷேர் ஆட்டோவை மறித்து, அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது அப்பா முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். டாக்டரம்மா கேட்டார், "நீங்கதான் லேப்ல வேலை பண்ற பையனா?" தலையாட்டினேன். "ரெண்டு பக்கமும் நிமோனியா. விரல்ல வேணாம்னு மெஷினக் காது மடல்ல மாட்டிப் பார்த்தேன், ஆக்சிஜன் எழுபத்தாறு. உங்க அம்மா இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா இவர் இல்ல. இந்த ராத்திரி தாண்டணும்."

கருவி சரியாகச் சொன்னது. அம்மா சரியாகச் சொன்னார். பத்து நாளாக அப்பா வேலைக்கே போகவில்லை என்பது, ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. அதில் இருந்த நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

வராந்தாவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஜெபம் பண்ணுப்பா. நீதான் நல்லா பண்ணுவ."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். வாயைத் திறந்தேன். வரவில்லை. சபையில் தடங்கலில்லாமல் ஓடுகிற வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "நீ பண்ணும்மா" என்றேன்.

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். "ஆண்டவரே, இந்த மனுசனுக்கு மூச்சு குடுபா. எம்புள்ள தெரியாம சொல்லிட்டான். அத்த மனசுல வெச்சுக்காத."

அவ்வளவுதான். அப்பாவுக்காக ஒன்று, எனக்காக ஒன்று. நான் தரையில் விழுந்து "ஆமென்" என்றேன். என் வாழ்க்கையில் உண்மையாகச் சொன்ன முதல் ஆமென் அதுதான்.

விடியற்காலையில் தொண்ணூறு. மூன்றாம் நாள் தொண்ணூற்றைந்து. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். மாஸ்க்கை எடுத்ததும் அப்பா என்னைப் பார்த்து, "இன்னா நைனா, நகம் இப்ப இன்னா கலரு?" என்று சிரித்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் நான் செய்தி கொடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அன்று அம்மாவை ஜெபிக்கச் சொன்னோம். சத்தமாகவே ஜெபித்தார்.

அப்பா இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டுதான் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். சாயந்திரம் எலுமிச்சம்பழம் தேய்த்து அவர் கையைக் கழுவிவிடுவது இப்போது என் வேலை. ஒவ்வொரு நகமாகப் பார்க்கிறேன்.

பிரியமானவர்களே, என்னைப் போல வீட்டில் முதலில் படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். படிப்பு தேவன் தந்தது, அதில் தப்பில்லை. ஆனால் இன்று முழங்கால் போடும்போது, "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அந்த ஜெபத்துக்கு அவர் காது கொடுக்கிறார். அதற்குச் சாட்சியாக என் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.