ரேடியோ அக்காவின் முக்காலி

ரேடியோ அக்கா பேச ஆரம்பித்தால் சுவர்க்கடிகாரம்கூடத் தன் முறை வரட்டும் என்று காத்திருக்கும். அவர் தூக்கத்தில் பேசியதற்குத் தெருமுனை நாய் எழுந்து பதில் சொல்லியிருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் அவர் கணவரைக் கேளுங்கள். கல்யாணமான புதிதில் ஒரு வாக்கியம் ஆரம்பித்த மனிதர், அதை முடிக்க இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்கு வாய்த்த வேலை, வாயை மூடிக்கொண்டு கேட்பது! ஒரு பல் கிளினிக்குக்கு மேலே, மாடியறையில், பிள்ளைகளுக்குக் குழு சிகிச்சை நடத்துகிறார். பயந்த பிள்ளை, கோபக்காரப் பிள்ளை, பேசாத பிள்ளை என்று ஏழெட்டுப் பேர் பாயில் வட்டமாக உட்காருவார்கள். கீழே பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறி வரும். "இங்க ஊசியும் இல்ல, மிஷினும் இல்ல. நாம தப்பிச்சோம்!" என்பார் அக்கா.

சட்டம் போட்டவர்கள் பிள்ளைகள்தான். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் மூலையில் இருக்கும் சிவப்பு முக்காலியில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். யாருடைய பதிலைப் பறித்தாரோ, அவர் வந்து தோளைத் தொட்டால்தான் விடுதலை.

சத்தமில்லாமல் நடப்பதால் 'பூனைக்குட்டி' என்று பெயர் வாங்கிய சிறுமி ஒருத்தி அங்கே வந்தாள். வீட்டில் கூரை பறக்கப் பேசுவாள். வாசல் தாண்டினால் ஒரு சொல் வராது. அவளுக்கும் சேர்த்து அவள் அம்மாவே பேசிவிடுவார். ஒரு நாள் அந்த அம்மா அக்காவை வாசலிலேயே மடக்கினார்.

"ரெண்டு மாசமா வர்றோம் மேடம். இவ வாயே தொறக்கல. இன்னிக்கோட நிறுத்திடலாம்னு இருக்கோம்."

அக்கா பூனைக்குட்டியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

எதைக் கண்டால் பயம் என்பதுதான் அன்றைய பேச்சு. முறை பூனைக்குட்டிக்கு வந்தது. அவள் உதடு லேசாகப் பிரிந்தது. இத்தனை வாரம் பொறுத்த அக்காவுக்கு அந்த ஒரு நொடி பொறுக்கவில்லை.

"லிஃப்ட்டா? லிஃப்ட்னா பயம்தானே கண்ணு?"

உதடு மூடிக்கொண்டது.

"அக்கா அவுட்டு!" கோபக்காரப் பையன் துள்ளினான். "முக்காலி! முக்காலி!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பூனைக்குட்டி தொட வரவில்லை. கண்காட்சியில் யானையைப் பார்ப்பதுபோல் அக்காவை ரசித்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தும் யாரும் அசையவில்லை. அம்மா கதவைத் திறந்தார்.

"என்ன மேடம், டைம் ஆயிடுச்சே?"

மேடம் கண்ணை மட்டும் உருட்டினார். பிள்ளைகள்தான் நடந்ததைச் சொன்னார்கள்.

"அவ்ளோதானே? பாப்பாவுக்குப் பதிலா நான் சொல்றேன். எந்திரிங்க மேடம்."

அறை அதிர்ந்தது. "ஆன்ட்டியும் அவுட்டு!"

இருந்ததோ ஒரே முக்காலி. இருவரும் ஆளுக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டார்கள். பூனைக்குட்டி எழுந்து வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். சந்தடி சாக்கில் அம்மாவும் எழப் பார்த்தார்.

"அம்மா, நீ உக்காரு. உன் டைம் இன்னும் முடியல."

தெளிவான குரல். அம்மா தொப்பென்று உட்கார்ந்தார். கண் நிறைந்தது, வாயை மட்டும் திறக்கவில்லை.

அக்கா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த வாரம் வருவீங்களா?"

"வருவோம்," என்றாள் பூனைக்குட்டி.

"அவுட்டு!" என்று கத்தின அத்தனை வாய்களும்.

குற்றவாளி சிரித்துக்கொண்டே போய் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா அவள் தோளைத் தொட அவசரப்படவில்லை.