மாமனாரின் நெஞ்சடைப்பு

என் அண்ணனுக்குச் சபையில் மதிப்புத்தான் முக்கியம். நாங்கள் இருக்கிற இந்தக் குளிர் நாட்டில் அவனுடைய மாமனார் கொரோனா வந்து வீட்டிலேயே இறந்தபோது, ஊருக்கெல்லாம் நெஞ்சடைப்பு என்று சொன்னான். உண்மையைச் சொன்னால் செத்தவீட்டுக்கு ஒரு சனமும் வராது. அந்த வெட்கத்தை அவனால் தாங்க முடியாது.

சனம் போனது. என் கணவரும் போனார். ரெஸ்டோரண்டில் சமையல் வேலை செய்தவர். எங்கே செத்தவீடு என்றாலும் தேத்தண்ணி அவர் பொறுப்பு. ரெஸ்டோரண்ட் பூட்டிக் கிடந்த காலம் என்பதால் நாள் முழுக்க அங்கேயே நின்று ஊற்றினார். குளிருக்கு யன்னல்கள் சாத்தியிருந்தன. மச்சாள் இருமிக்கொண்டே இருந்தாள். "அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு" என்றாள். நம்பினோம். தகப்பனைப் பறிகொடுத்தவளை யார் சந்தேகப்படுவது?

அடுத்த கிழமை இவருக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. அண்ணனுக்கு போன் எடுத்தேன். "உங்கடை மாமா என்ன வருத்தம் வந்து செத்தவர்? டொக்டர் கேக்கிறார், உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

"நெஞ்சடைப்புத்தான். கண்டபடி கதைச்சு என்ரை மானத்தை வாங்காதை" என்று வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. நேர்ஸ் பிடித்த போனில் அவர் முகத்தைப் பார்த்தேன். குழாய் செருகியிருந்தது. நான் கதைத்தது கேட்டதோ தெரியாது. மறுநாள் போய்விட்டார்.

எரிக்கிற அன்றைக்கு அண்ணன் வரவில்லை. "வீட்டிலை பிள்ளையள் இருக்கினம். லைவ்விலை பாக்கிறம்" என்றான். பார்த்தானாம். போனில் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பினான். அந்தப் பொம்மையைப் பார்க்க எனக்குக் கொதித்தது. இப்போதும் கொதிக்கிறது.

இந்த வருடம் அவன் மகள் பெரியபிள்ளையானாள்; சாமத்திய வீட்டுக்குச் சொல்ல அண்ணனும் மச்சாளும் வந்தார்கள். தகப்பனின் கூடப்பிறந்தவள் நான். பிள்ளைக்கு முதல் தண்ணி வார்க்க வேண்டிய மாமி. மச்சாள் குரலைத் தாழ்த்தினாள்.

"தண்ணி வார்க்கேக்கையும் ஆலாத்தி எடுக்கேக்கையும் மட்டும் முன்னுக்கு வராதேங்கோ. குறை நினைக்காதேங்கோ. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைப்பினம்."

அண்ணன் தலையை ஆட்டினான். என்னை இந்தக் கோலத்தில் விட்டவனே அவன்தான். வாய்விட்டுக் கேட்டேன்.

"அவருக்கு வருத்தம் ஆரின்ரை வீட்டிலை தொத்தினது அண்ணை?"

"எல்லாம் விதி, தங்கச்சி" என்றான். பிறகு, பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரிச் சொன்னான்: "மண்டபத்திலை பின்னுக்கு உனக்கு இருக்க நல்ல கதிரை ஒண்டு பிடிச்சு வைக்கிறன்."