நானூற்றுப் பதினான்காவது சில்லு

பாண்டித்துரை பரமக்குடிக்காரர். அபுதாபியில் கண்காட்சிகளுக்கு வரும் பழம்பொருள் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. கூட வேலை பார்க்கிற என்னைப் பெட்டியைத் தொடவே விடமாட்டார்.

போன ஜனவரியில் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு போர்வீரர் குலம் சுற்றிலும் அகழி வெட்டி, மண்மதில் எழுப்பி வாழ்ந்த கோட்டை வீட்டைத் தோண்டி எடுத்த சாமான்கள். சரிவில் இறக்கும்போது ட்ராலிச் சக்கரம் மாட்டி, பாண்டித்துரை பிடித்த பக்கம் தடாலென்று இடித்தது. திறந்து பார்த்தோம். உள்ளே மண் கிண்ணங்கள், அத்தனையும் சுக்குநூறு! பாண்டித்துரை முகத்தில் ரத்தமே இல்லை.

"வாயத் தொறக்காதீங்க பாண்டி. ஏர்போர்ட்ல ஒடஞ்சதுன்னு சொல்லிக்கலாம். இல்லேன்னா உங்க விசா கலாஸ், முடிஞ்சுது," என்றார் சூப்பர்வைசர் மக்தூம்.

"போட்டது நான் பாய். நானே போய்ச் சொல்லிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் அவர் விசாவைப் புதுப்பிக்கணும், ஊரில் மகள் ராதிகா நர்சிங் கடைசி வருஷம். பிழைக்கத் தெரியாத மனுஷன்!

அந்த வீட்டைத் தோண்டிய ஆய்வாளர் ஹருமி மேடம்தான் பெட்டியோடு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தில் ஒரு தடவை குடித்ததும் கிண்ணத்தை அகழியில் வீசிவிடுவார்களாம், உடைந்தது அப்போதாம். யூஸ் அண்ட் த்ரோ சாமானுக்கா பஞ்சு சுற்றி விமானப் பயணம்!

பிறகு மேடம் எண்ண உட்கார்ந்தார். பட்டியலில் நானூற்றுப் பதிமூன்று சில்லுகள். கையில் நானூற்றுப் பதினான்கு. திரும்ப எண்ணினார். அதே நானூற்றுப் பதினான்கு. இரண்டு சில்லுகளில் மட்டும் ஒரு விளிம்பு வெளிறி, புதுசாக இருந்தது. சேர்த்து வைத்தால் ஒட்டியது. பாண்டித்துரை இடித்ததில் ஒரு சில்லு இரண்டாகியிருந்தது.

மேடம் அவர் பெயரைக் கேட்டு அறிக்கையில் எழுதினார். மக்தூம் எட்டிப் பார்த்தார். 'புதிதாக உடைந்தவை' என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே பதினொரு வரிகள். எல்லாமே தோண்டும்போது கொத்துக்கரண்டி பட்டு உடைந்தவை. உடைத்தவர் என்ற இடத்தில் பதினொன்றிலும் ஹருமி மேடத்தின் பெயர். பன்னிரண்டாவது, பாண்டித்துரை.

"மேல பதினோரு தடவ மேடம் பேரு இருக்கு," என்றார் மக்தூம். "இனி எவன் உங்க விசால கை வைப்பான்?"

பாண்டித்துரை தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.